சுமையை ஏற்றியவர் யார்?

மதிப்பிற்குரிய ஐயா,

கோவையில் பதினான்கு பேருடன் ஒரு மென்பொருள் நிறுவனம் நடத்துகிறேன். ஜெர்மனியில் உள்ள பல் மருத்துவமனைகளின் முன்பதிவு மென்பொருளைப் பராமரிப்பதே எங்கள் முதன்மை வேலை. இந்த ஆண்டு ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கும்போது, தரவுப் பாதுகாப்பு பற்றி 180 கேள்விகள் கொண்ட எக்செல் தாளை அனுப்பிவிட்டார்கள். என் மூத்த பொறியாளர் மூன்று வாரமாக அதைத்தான் நிரப்பிக்கொண்டிருக்கிறார். இந்திய அரசு எங்கள் சர்வரைப் பார்வையிட முடியுமா என்றுகூட ஒரு கேள்வி இருக்கிறது. தனியுரிமையின் பெயரால் ஐரோப்பா நம்மைச் சந்தையிலிருந்து வெளியேற்றுகிறது என்றே நினைக்கிறேன். நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?

கே., கோவை

அன்புள்ள கே. அவர்களுக்கு,

உங்கள் மனக்குறை நியாயமானது. ஆனால் அதை ஐரோப்பாவின் மீது மட்டும் சுமத்த என்னால் முடியவில்லை.

2018 மே 25 முதல் நடைமுறையில் இருக்கும் ஜி.டி.பி.ஆர். என்னும் ஐரோப்பியத் தரவுப் பாதுகாப்புச் சட்டம், கடுமையான மீறல்களுக்கு 2 கோடி யூரோ அல்லது உலகளாவிய ஆண்டு விற்றுமுதலில் 4 சதவீதம், இவற்றில் எது அதிகமோ அதுவரை அபராதம் விதிக்க இடம் தருகிறது. அந்த அச்சம் பெரிய நிறுவனங்களின் சட்டப் பிரிவில் தொடங்கி, ஒப்பந்தத்துக்கு ஒப்பந்தம் கீழே இறங்கி, கடைசியில் உங்கள் பொறியாளரின் மேசைக்கு வந்து சேர்கிறது. பிறருக்காகத் தரவைக் கையாள்பவரிடம் சட்டம் கேட்பவை எழுத்துமூல ஒப்பந்தம், தகுந்த பாதுகாப்பு, கசிவு தெரிந்ததும் தாமதமின்றித் தகவல் முதலிய சில கடமைகளைத்தான். 180 கேள்விகளை எழுதியது சட்டம் அல்ல.

அரசின் பார்வை பற்றிய அந்த ஒரு கேள்வி மட்டும் வேறு வகை. 2020 ஜூலை 16 அன்று ஐரோப்பிய நீதிமன்றம் ஐரோப்பியர்களின் தரவை அமெரிக்காவுக்கு அனுப்புவதற்கு இருந்த ஏற்பாட்டைச் செல்லாததாக்கியபோது, தரவு போய்ச் சேரும் நாட்டின் உளவு அமைப்புகள் அதை எவ்வளவு எளிதில் எடுக்க முடியும் என்று தரவை வெளிநாட்டுக்கு அனுப்புபவரே ஆராய வேண்டும் என்றும் சொன்னது. அமெரிக்க அரசு பேச்சுவார்த்தை நடத்தி, 2023 ஜூலையில் புதிய ஏற்பாடு ஒன்றைப் பெற்றுக்கொண்டது. இந்தியாவுக்கு அப்படி எதுவும் கிடைக்கவில்லை. ஆகவே ஓர் அரசு இன்னோர் அரசுக்குச் சொல்ல வேண்டிய பதிலைப் பதினான்கு பேர் கொண்ட நிறுவனம் எக்செல் தாளில் நிரப்புகிறது. இதைத்தான் நான் அநீதி என்பேன்.

அதில் தில்லிக்கும் பங்கு உண்டு. நம்முடைய 2023ஆம் ஆண்டு தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 17ஆம் பிரிவு, அரசு அமைப்புகளை அறிவிக்கை மூலம் சட்டத்திலிருந்தே விலக்கிவைக்க மத்திய அரசுக்கு அதிகாரம் தருகிறது. அதே பிரிவு, வெளிநாட்டு ஒப்பந்தத்தின் கீழ் இங்கே கையாளப்படும் வெளிநாட்டவரின் தரவுக்கு, பாதுகாப்பு ஏற்பாடு போன்ற ஓரிரு கடமைகள் தவிர மற்றவற்றிலிருந்து விலக்கு அளிக்கிறது. உங்களைப் போன்றோருக்குச் சலுகையாக எழுதப்பட்டதுதான். ஆனால் அந்த ஜெர்மானிய நோயாளிக்கு இந்தியச் சட்டம் தராத உறுதியை எல்லாம் உங்கள் கையெழுத்தே தர வேண்டியிருக்கிறது.

இத்தனைக்குப் பிறகும் அந்தக் கேள்விகள் தேவையற்றவை என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. பல ஆண்டுகளுக்கு முன் நான் வேலை பார்த்த ஓர் அலுவலகத்தில், சோதனைக்கென்று எடுத்த மருத்துவத் தரவுத்தளப் பிரதி ஒன்று பழைய மடிக்கணினியில் கடவுச்சொல்கூட இல்லாமல் கிடந்தது. திறந்தால் பெயர், பிறந்த தேதி, கைபேசி எண், அதற்கடுத்த கட்டத்தில் 'கருச்சிதைவு, இரண்டாம் முறை' என்று ஒரு குறிப்பு. அந்தப் பெண் எங்கள் யாரையும் அறியமாட்டார். அந்தக் கணினியைத் தேநீர் வாங்கப் போன பையன்கூடத் திறந்திருக்க முடியும்.

ஆகவே, ஒப்பந்தத்தில் இருக்கும் கடமைகளோடு ஒட்டாத கேள்விகளைப் பிரித்தெடுத்து, இவற்றை எந்தச் சட்டப் பிரிவின்படி கேட்கிறீர்கள் என்று வாடிக்கையாளரிடம் எழுத்தில் கேளுங்கள். மூன்று வார உழைப்பைப் புதிய ஒப்பந்தத்தின் விலையில் சேர்த்துக் காட்டுங்கள். 17ஆம் பிரிவைப் பற்றி உங்கள் தொழில் சங்கத்தின் வழியாக மத்திய அமைச்சகத்துக்கு எழுதுங்கள். சோதனைப் பிரதிகள் எந்தெந்தக் கணினிகளில் இருக்கின்றன என்ற கேள்வி அந்தத் தாளில் இருந்தால், அதற்கு மட்டும் பொறியாளரை விட்டுவிடாமல், நீங்களே ஒவ்வொரு கணினியையும் திறந்து பார்த்துவிட்டுப் பதில் எழுதுங்கள்.