ஆராதனையில் தூக்கம் – கடிதம்

அன்புள்ள ஐயா,

எங்கள் பங்குக் கோயிலில் முதல் வெள்ளிதோறும் மாலைத் திருப்பலிக்குப் பிறகு ஒரு மணி நேரம் நற்கருணை ஆராதனை, அதாவது திருப்பலியில் அர்ச்சித்த அப்பத்தை எடுத்து வைத்து அதன் முன் வேண்டுவது, நடக்கிறது. தவறாமல் போகிறேன். ஆனால் அந்த அப்பம் இருக்கும் கதிர்ப்பாத்திரத்தைப் பார்த்தபடியே வீட்டுக்கடன் தவணையைக் கணக்குப் போடுகிறேன். சில நாள் தூங்கியும் விடுகிறேன். இதற்குப் போகாமலே இருப்பதுதானே நேர்மை? வேறு சபை நண்பர் ஒருவர், ‘இது பைபிளில் இல்லை, இடைக்காலத்தில் வந்தது’ என்கிறார்.

(பெயர் வேண்டாம்)

அன்புள்ள தம்பி,

நண்பரை முதலில் வழியனுப்பிவிடுவோம். நற்கருணைக்கென்றே உள்ள கிறிஸ்துவின் உடல் பெருவிழாவைத் திருத்தந்தை நான்காம் உர்பான் 1264-இல் ஏற்படுத்தினார். இடைக்காலம்தான். இருக்கட்டுமே. அவர் சபையில் வாசிக்கும் கீபோர்டு எந்த அதிகாரத்தில் வருகிறதாம்?

கடன் வாங்கியவன் தவணையை நினைக்காமல் வேறெதை நினைப்பான்? அங்கே உட்கார்ந்தே நினையுங்கள். சோம்பலுக்கு ‘நேர்மை’ என்று பெயர் சூட்டாதீர்கள்.

என்னை உறுத்துவது வேறு. அந்த ஒரு மணி நேரத்தில் எத்தனை நிமிடம் மைக் வாயை மூடியிருக்கிறது? சென்ற மாதம் வெளியூரில் ஓர் ஆராதனைக்குப் போயிருந்தேன். ‘கண்ணை மூடுங்கள், கையை உயர்த்துங்கள், இப்போது அழுங்கள்’ என்று ஒருவர் விடாமல் ஏவிக்கொண்டிருந்தார். மின்சாரம் போன இரண்டு நிமிடம் மட்டும் ஆராதனை நடந்தது.

ஆசீர் கொடுப்பதற்காக மட்டும் நற்கருணையை எடுத்து வைக்கக் கூடாது, வாசகம், பாடல், மன்றாட்டோடு மௌனத்துக்கும் நேரம் விட வேண்டும் என்று 1973-இல் ரோமை வெளியிட்ட சடங்கு நூலே சொல்கிறது. நூலை விடுங்கள், கண்ணெதிரே நடப்பதைப் பாருங்கள். ஆசீர் வேளையில் குருவானவர் தோளில் போர்த்திய நீண்ட துகிலின் நுனிகளால் இரு கைகளையும் மூடிக்கொண்டுதான் கதிர்ப்பாத்திரத்தைத் தூக்குகிறார். ஆசீர் தருவது தான் அல்ல என்பதற்காக. சிலுவை அடையாளம் வரையும்போது ஒரு வார்த்தைகூடப் பேசுவதில்லை. குருவின் கையே தெரியக் கூடாது என்கிற இடத்தில், பாடகர் குழுத் தலைவரின் குரல் நான்கு ஒலிபெருக்கியில் எதற்கு?

நான் வளர்ந்தது தூத்துக்குடிப் பக்கத்துக் கடற்கரை ஊரில். பீடச்சிறுவனாகத் தூபக்கலசம் என் பொறுப்பு. சிரட்டைக் கரி அணையாமல் அவ்வப்போது ஊதிக்கொண்டு படியோரம் முழந்தாளிட்டிருப்பேன். கரி வெடிக்கும் சத்தம் கேட்கும், அதற்கு அப்பால் கடல். இரண்டுக்கும் நடுவே இன்னொன்றும் கேட்கும்: மூன்றாம் தூணில் சாய்ந்திருக்கும் என் ஆச்சியின் குறட்டை. விடிவதற்குள் மீன் கூடையோடு கிளம்பிவிடுகிறவர். வெட்கம் தாங்காமல் ஒருநாள் எழுப்பப் போனேன். கோயில் வேலைகளைக் கவனிக்கும் கோயில்பிள்ளை என் காதைப் பிடித்து நிறுத்தினார். “விடு. கிழவி வேறு எங்கே போய்த் தூங்கும்?”

ஆசீருக்கு மணியடித்ததும் ஆச்சி தானாக விழித்துக்கொள்வார். யாரும் தொட்டு எழுப்பியதில்லை. முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு, எங்கள் எல்லோருக்கும் முன்பாகத் தலை தரையில் படக் குனிவார்.