ஸ்ட்ரெயின் கேஜ்: திருவொற்றியூரிலிருந்து கேள்வி பதில்

முப்பது வருடம் இரும்பில் ஸ்ட்ரெயின் கேஜ் ஒட்டியவன் நான். இரும்பு நீண்டால், சுருங்கினால் தானும் கூடவே நீண்டு சுருங்கி, மின் தடை மாறும் மெல்லிய பட்டை அது. தெரிந்ததைச் சொல்கிறேன்.

எண்ணூர் வாசகர்: சார், கிரேன் கர்டரில் 12 கேஜ், எல்லாம் 120 ஓம். காலையில் பூஜ்யம் வைத்தால் மத்தியானம் சுமையே இல்லாமல் 150 மைக்ரோஸ்ட்ரெயின் (நீளத்தில் பத்து லட்சத்தில் 150 பங்கு மாற்றம்) காட்டுகிறது. ஆம்ப்ளிஃபயர் போய்விட்டதா?

ஆம்ப்ளிஃபயர் பாவம், விட்டுவிடுங்கள். கேஜுக்கு எத்தனை ஒயர்? இரண்டாகத்தான் இருக்கும். போக வர கேபிளின் தடை 1 ஓம் என்று வையுங்கள். செம்பின் தடை டிகிரிக்கு 0.39 சதவீதம் ஏறும். வெயிலில் கிடக்கும் கேபிள் 10 டிகிரி சூடானால் 0.039 ஓம் கூடும். கேஜ் ஃபாக்டர், அதாவது நீள மாற்றத்தைப் போல் எத்தனை மடங்கு தடை மாறும் என்பது, 2 என்றால் அதுவே 160 மைக்ரோஸ்ட்ரெயினுக்கு மேல். கர்டர் சும்மா இருக்கிறது, கேபிள்தான் பேசுகிறது.

மூன்றாவது ஒயரை இழுங்கள். கேஜின் ஒரு காலில் இரண்டு, மறு காலில் ஒன்று. மின்னோட்டம் போகும் இரண்டு ஒயரும் பிரிட்ஜின் (கேஜும் மற்ற தடைகளும் நான்கு கைகளாகச் சேர்ந்த மின்சுற்று) அடுத்தடுத்த கைகளில் விழும். இரண்டும் சேர்ந்து சூடானால் ஒன்றின் பிழையை மற்றது அடித்துவிடும். அப்புறம் சரிபார்க்க, கேஜுக்குக் குறுக்கே 59,880 ஓம் ரெசிஸ்டர் வைத்தால் மைனஸ் 1000 மைக்ரோஸ்ட்ரெயின் வர வேண்டும். அதைக் கேஜ் முனையில் வையுங்கள். ரீடிங் எடுக்கும் பெட்டியில் இருக்கும் சரிபார்ப்புப் பொத்தானை அழுத்தினால் கேபிள் தின்ற பங்கு தெரியாது.

தண்டையார்பேட்டை மாணவி: கேபிளின் ஷீல்டை (இரைச்சலைத் தடுக்கும் உலோக உறையை) இரண்டு முனையிலும் எர்த் செய்யலாமா சார்?

ஒரு முனையில் மட்டும்மா.

பெரம்பூர் வாசகர்: 32 சேனலை வரிசையாகப் படிக்கும் பெட்டி இருக்கிறது. சேனலுக்கு நொடிக்கு 100 ரீடிங். அதிர்வு அளக்கலாமா?

முதல் சேனலைப் படித்துக் கடைசிக்கு வருவதற்குள் கிட்டத்தட்ட 10 மில்லிசெகண்ட் ஓடிவிடும். 20 ஹெர்ட்ஸ் அதிர்வில் அது சுற்றில் ஐந்தில் ஒரு பங்கு. ரோசெட்டின் (ஒரே இடத்தில் வெவ்வேறு திசையில் ஒட்டிய கேஜ் கூட்டம்) மூன்று கேஜும் ஒரே கணத்தைச் சொன்னால்தான் கணக்கு நிற்கும். அதோடு, நொடிக்கு 100 ரீடிங்கில் 120 ஹெர்ட்ஸ் அதிர்வு 20 ஹெர்ட்ஸ் வேஷம் போட்டு வரும். எண்ணாக மாறிய பிறகு எந்த மென்பொருளாலும் அதைப் பிரிக்க முடியாது. அதை வெட்டும் ஃபில்டர் முன்னாலேயே வேண்டும். நின்ற சுமைக்கு இந்தப் பெட்டி போதும்.

ராயபுரம் வாசகர்: சிக்னலை எண்ணாக்கும் பெட்டி 16 பிட்டா, 24 பிட்டா?

இந்தக் கேள்வி வருவது நான்காவது தடவை. முதலில் மூன்றாவது ஒயர், அப்புறம் பிட்.

மணலி வாசகர்: மழுப்புகிறீர்கள் சார். 24 பிட் இருந்தால் ஆம்ப்ளிஃபயரே வேண்டாமே?

சரி, கணக்குக்கு வாருங்கள். 5 வோல்ட் கொடுத்த கால் பிரிட்ஜில் (ஒரு கையில் மட்டும் கேஜ்) ஒரு மைக்ரோஸ்ட்ரெயின் என்பது 2.5 மைக்ரோவோல்ட். பிளஸ் மைனஸ் 10 வோல்ட் ரேஞ்சில் 16 பிட்டின் ஒரு படி (பெட்டி பிரித்தறியும் மிகச் சிறிய அளவு) 305 மைக்ரோவோல்ட், அதாவது 122 மைக்ரோஸ்ட்ரெயின். குப்பை. முன்னால் ஆயிரம் மடங்கு பெருக்கினால் அதே படி 0.12 ஆகிறது. உங்கள் 24 பிட் பெருக்காமலே காகிதத்தில் 0.5 காட்டும், ஆனால் கடைசி பிட்கள் வெறும் இரைச்சல். ஒன்றை ஒப்புக்கொள்கிறேன்: ஒட்டியதும் பிரிட்ஜ் பூஜ்யத்தில் நிற்காமல் கோணிக்கொண்டு நின்றாலும் 24 பிட்டில் ரேஞ்ச் முட்டாது. பெருக்கிய 16 பிட்டில் முட்டும், பேலன்ஸ் செய்தாக வேண்டும்.

மணலி வாசகர் மறுபடி: என் பெட்டி இரைச்சல் இல்லாதது.

கேஜைக் கழற்றிவிட்டு 120 ஓம் நல்ல ரெசிஸ்டர் ஒன்றை மாட்டி ஒரு மணி நேரம் பதிவு செய்யுங்கள். ஆடுவது எத்தனை என்று எழுதுங்கள், பேசலாம்.

வண்ணாரப்பேட்டை வாசகர்: வீட்டுச் சுவர் விரிசலில் கேஜ் ஒட்டலாமா?

வேண்டாம். கட்டடப் பொறியாளரைக் கூப்பிடுங்கள்.

காசிமேடு வாசகர்: மூன்று ஒயர்தான் சார், ஆனாலும் ரீடிங் நகர்கிறது. மேலே சிலிகான் பூசியிருக்கிறேன்.

கடல் காற்று. பூசும்போது காடி வாடை அடித்ததா? அடித்தால் அந்த அமிலமே கேஜை அரிக்கும். சுரண்டிவிட்டுப் புதுக் கேஜ் ஒட்டி, வாடையில்லாத ரகத்தைப் பூசுங்கள். இன்சுலேஷன் பார்க்க 500 வோல்ட் மெக்கரை (இன்சுலேஷன் சோதிக்கும் கருவி) மட்டும் தூக்கிக்கொண்டு வராதீர்கள், கேஜ் தாங்காது.