லீவுக்கு வருவதும் வீட்டுக்கு வருவதும்

கேள்வி: கோத்தகிரி பக்கம் எங்கள் ஊர். கணவர் ராணுவத்தில் ஏ.எஸ்.சி. (படைகளுக்குச் சாமான் கொண்டுசேர்க்கும் பிரிவு) டிரைவர். சர்வீஸ் 12 வருடம் முடிந்துவிட்டது. இப்போது லடாக்கில் ரேஷன், மண்ணெண்ணெய் லாரி ஓட்டுகிறார். போன லீவில் ஒரு விசேஷ வீட்டில் சொந்தக்காரர் ஒருவர், “நீ மூட்டை ஏத்துறவன்தானே, பார்டர்லயா நிக்கிறே?” என்று கேட்டுவிட்டார். அன்றிலிருந்து முகமே சரியில்லை. “பேப்பர் போட்டுட்டு வந்துடறேன், போதும்” என்கிறார். மாமியாருக்குச் சர்க்கரையும் மூட்டுவலியும். ஒன்றரை ஏக்கர் தேயிலையையும் ஏழு வயது மகனையும் நான்தான் பார்க்கிறேன். அவர் கவலைப்படுவார் என்று போனில் எதையும் சொல்வதில்லை. அவரை வரச் சொல்லவா, வேண்டாம் என்று சொல்லவா?
(பெயர் வெளியிட வேண்டாம்)

பதில்: அன்புத் தங்கைக்கு,

இப்போது பேப்பர் போட வேண்டாம் என்று சொல்லுங்கள். சிப்பாயாகச் சேர்ந்தவர் தானாக விலகினால், மாதாமாதம் பென்ஷன் வர 15 வருட சர்வீஸ் இருக்க வேண்டும். 12 வருடத்தில் வந்தால் கையில் ஒரு தொகை கொடுத்து அனுப்புவார்கள், அதோடு சரி. பென்ஷனோடு வந்தால் முன்னாள் படைவீரர்களுக்கான ஈ.சி.எச்.எஸ். மருத்துவ வசதியும் சேர்ந்து வரும். பச்சைத் தேயிலை விலை எப்படி ஏறி இறங்குகிறது என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அந்த ஒன்றரை ஏக்கரை மட்டும் நம்பி அவர் இறங்கி வரக் கூடாது.

அந்தச் சொந்தக்காரர் பேச்சைப் படித்தபோது எனக்குக் கோபம்தான் வந்தது. நம் தொட்டபெட்டா 8,650 அடி. லடாக்கின் லே நகரமே சுமார் 11,500 அடியில் இருக்கிறது. அங்கிருந்து சியாச்சின் அடிவாரத்துக்குச் சாமான் ஏற்றிப் போகிற லாரி கர்துங் லா கணவாயைத் தாண்ட வேண்டும், அது ஏறக்குறைய 17,500 அடி. குளிரில் சாதாரண டீசல் கெட்டிப்பட்டுவிடும். பனிக்காலத்தில் ஸ்ரீநகரிலிருந்து லே வருகிற சாலையில் சோஜி லா கணவாய் அடைபட்டுப் போகும் என்பதால், அதற்கு முன்பே குளிர்காலம் முழுவதற்குமான அரிசி, பருப்பு, எண்ணெய் எல்லாம் மேலே போய்ச் சேர வேண்டும். பனிமலை உச்சியில் காவல் நிற்கிற பையன் குடிக்கிற தண்ணீர்கூடப் பனியை உருக்கி எடுப்பதுதான். அதை உருக்க மண்ணெண்ணெய் வேண்டும். 1999 கார்கில் சண்டையில், எதிரிகள் சிகரங்களில் உட்கார்ந்துகொண்டு ஸ்ரீநகர் – லே சாலையைப் பார்த்துப் பார்த்துக் குண்டு போட்டார்கள். அந்தச் சாலையில் ராத்திரியில் ஹெட்லைட் போடாமல் கான்வாய் லாரிகளை ஓட்டிப் போனவர்களும் இவரைப் போன்ற டிரைவர்கள்தான். இதையெல்லாம் உங்கள் மகனுக்குச் சொல்லிக் கொடுங்கள். அவன் அப்பாவிடம் லாரியைப் பற்றி ஒரு கேள்வி கேட்டால் போதும், அந்தச் சொந்தக்காரர் சொன்னது கொஞ்சம் கொஞ்சமாக மறந்துபோகும்.

ஆனால் உங்கள் கடிதத்தில் என்னை அதிகம் யோசிக்க வைத்தது கடைசி வரிக்கு முந்தைய வரி. போனில் எதையும் சொல்வதில்லை என்கிறீர்கள். அவரும் அங்கே நடப்பதை உங்களிடம் சொல்ல மாட்டார், இல்லையா?

அவர் ஏங்குவது லீவில் பார்க்கிற வீட்டுக்காக. வருடத்துக்கு 60 நாள் ஆண்டு விடுப்பு, 30 நாள் காஷுவல் லீவு என்று விதியில் இருக்கிறது. அது துண்டு துண்டாகத்தான் கிடைக்கும். லேயில் வானிலை மோசமானால் விமானம் கிளம்பாது, டிரான்சிட் கேம்பில் காத்துக் கிடக்க வேண்டும். அப்படி வந்து சேர்கிறவருக்குக் கறிக்குழம்பு, உறவு வீட்டு விருந்து, அதிர்ந்து பேசாத மனைவி. சண்டை வந்தாலும் “போறவர்கிட்ட எதுக்கு” என்று விழுங்கிவிடுவீர்கள். ராணுவக் குடியிருப்பில் வளர்ந்தவள் நான். பென்ஷனோடு ஊர் திரும்பிய பல பேர் நாலைந்து மாதத்தில் திண்ணையில் வெறுமனே உட்கார்ந்திருப்பதைப் பார்த்திருக்கிறேன். தேயிலை யாருக்குப் போடுவது, பையனுக்கு எந்த டீச்சர், அம்மாவுக்கு எந்த மாத்திரை, எல்லாம் மனைவிக்குத் தெரியும், அவருக்குத் தெரியாது. கேட்கவும் கூச்சம். அந்த மாதங்களில்தான் குடியும் கோபமும் உள்ளே வருகின்றன.

அதனால் இந்த மூன்று வருடத்தையும் காத்திருந்தே கழித்துவிடாதீர்கள். வீட்டு விஷயங்களில் இப்போதே அவரைச் சேர்த்துக்கொள்ளுங்கள். இந்த வருடம் தேயிலைச் செடியைக் கவாத்து வெட்டலாமா, தள்ளிப்போடலாமா என்று அவரிடம் கேளுங்கள். அவர் சொல்வது தவறாகப் பட்டால் வாதாடுங்கள். கரடி வாசல் வரை வந்து போனால் அதையும் சொல்லுங்கள். ஒன்று மட்டும் கவனம்: மறுநாள் விடிகாலையில் வண்டி எடுக்க வேண்டிய இரவில் கவலை தரும் சேதியைச் சொல்ல வேண்டாம். “நாளைக்கு ரோடா, ரெஸ்டா?” என்று கேட்டுவிட்டு ஆரம்பியுங்கள்.

மாமியார் விஷயம். கணவரைச் சார்ந்திருக்கும் தாய் என்று மாமியார் பெயர் ராணுவ ஆவணத்தில் பதிந்திருக்கிறதா என்று அவரிடம் கேளுங்கள். இல்லையென்றால் யூனிட்டில் சொல்லிப் பார்ட் டூ ஆர்டர் (குடும்ப விவரத்தை ஆவணத்தில் பதியும் உத்தரவு) போட வைக்கச் சொல்லுங்கள். பதிந்திருந்தால் வெலிங்டன் ராணுவ மருத்துவமனையில் வைத்தியம் பார்க்கலாம். உங்களுக்கு அது பக்கம்தான். அம்மாவின் மருத்துவச் சீட்டுகளை வைத்து, குடும்பச் சூழ்நிலையைக் காட்டி, ஊருக்கு அருகில் போஸ்டிங் கேட்டுக் கமாண்டிங் ஆபீசரிடம் அவர் மனுக் கொடுக்கலாம். கிடைத்தே தீரும் என்று சொல்ல மாட்டேன், கேட்பதில் கேவலம் எதுவும் இல்லை. ஊட்டியில் இருக்கும் முன்னாள் படைவீரர் நல அலுவலகம், பெயர் அப்படி இருந்தாலும், சர்வீஸில் இருப்பவர்களின் குடும்பத்துக்கும் உதவும். நீங்களே நேரில் போய் வாருங்கள்.

அப்புறம், அடுத்த லீவில் வந்ததும் விருந்துக்குக் கூப்பிடுகிறவர்களிடம் பத்து நாள் கழித்து வருகிறோம் என்று சொல்லிவிடுங்கள். அந்தப் பத்து நாளும் பையனைப் பள்ளிக்கூடத்தில் விடுவதும், அம்மாவை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போவதும், இலைக் கணக்கைப் பார்த்துப் பணம் வாங்கி வருவதும் அவர் வேலையாக இருக்கட்டும். அவர் தடுமாறினாலும் நீங்கள் எழுந்து ஓடாதீர்கள்.