லீவு கிளாஸுக்கு செயின அடகு வைக்கலாமா?

கேள்வி: நான் மட்டக்களப்பு ஆரையம்பதி. அவர் கட்டார்ல. மாசம் 90,000 அனுப்புவார், வீட்டு லோன், சீட்டு, மாமிட மருந்து எல்லாம் போக கையில ஒண்டும் மிஞ்சாது. மகனுக்கு 8 வயசு, மகளுக்கு 5. ஓகஸ்ட் லீவுக்கு டவுன்ல ஒரு கிளாஸ் நடத்துறாங்க, கிராஃப்ட், பெயின்டிங், டான்ஸ் எல்லாம் இருக்காம், ஒராளுக்கு 10,000. பக்கத்து வீட்டு புள்ளைகள் போகுதுகள். என்ட செயின அடகு வச்சு 20,000 எடுக்கலாம் எண்டு பாக்குறன், வட்டி பெருசா வராதுதானே சேர்? வீட்டுல நிண்டா டிவியும் ஃபோனும்தான்.

பதில்: தங்கச்சி, செயின் கழுத்துலயே கிடக்கட்டும். வட்டி பெருசில்ல எண்டு சொல்றீங்க, சரிதான், வருசத்துக்கு 15 வீதம் எண்டு வச்சாலும் 20,000க்கு மாசம் 250 ரூவாதான் வரும். ஆனா எனக்கு பயம் வட்டியில இல்ல. மாசக் கடைசியில ஒண்டும் மிஞ்சாத வீட்டுல அந்த 20,000 முதல் எங்க இருந்து வரும்? தவணை வந்தா வட்டிய மட்டும் கட்டி மாத்தி வைப்பீங்க, மறுகா ஒருக்கா மாத்தி வைப்பீங்க, ரெண்டு வருசத்துக்குப் பிறகு நகை ஏலத்துக்கு போகுது எண்டு கடிதம் வரும். இப்பிடி எத்தின பேர் என்ட முன்னால வந்து இருந்து அழுதிருக்காங்க. கலியாணம், ஆஸ்பத்திரி எண்டா வேற கதை, லீவு கிளாஸுக்கு வேணாம்.

சரி, இப்ப நீங்க கேக்காத ஒரு கணக்கு சொல்றன். லீவு நாளில புள்ளைகள் பெட்டிக்கடைக்கு எத்தின தரம் போகுதுகள்? ஒராளுக்கு காலையில ஒரு 100, பின்னேரம் ஒரு 100, பிஸ்கட், ஐஸ் பைக்கட், டிப்பிடிப். ரெண்டு பேருக்கும் ஒரு நாளைக்கு 400, நாலு கிழமைக்கு 11,200. இது யாரும் எழுதி வைக்காத காசு. அடுத்தது கரண்ட். டிவியும் ஃபேனும் சேந்து எட்டு மணித்தியாலம் ஓடினா ஒண்டேகால் யூனிட் அளவுக்கு வரும், மாசத்துக்கு 40 யூனிட் கிட்ட. உங்கட பில் இப்ப 60 யூனிட்டுக்குள்ள நிக்குது எண்டா கவனம், 60 தாண்டினா தாண்டின யூனிட்டுக்கு மட்டுமில்ல, முதல் யூனிட்டுல இருந்தே வேற விலை, மாதக் கட்டணமும் கூடும். ஃபேன நிப்பாட்டச் சொல்லல்ல, இந்த கச்சான் காத்து அடிக்கிற வெக்கையில அது பாவம். டிவியத்தான் சொல்றன்.

ஆக, லீவுக்கு காசு தேட வேணாம், ஏற்கனவே போற காசைத்தான் மறிக்கணும். ரெண்டு என்வலப் எடுங்க, ரெண்டு பேருட பேரையும் எழுதுங்க, திங்கக்கிழமை திங்கக்கிழமை ஒவ்வொண்டுக்குள்ளயும் 500 வைங்க. அந்தக் கிழமைக்கு அவ்வளவுதான், முடிஞ்சா முடிஞ்சதுதான், அழுதாலும் குடுக்கப்படாது. மிஞ்சினா லீவு முடிய கடையில விருப்பமானத வாங்கலாம் எண்டு சொல்லுங்க, மகன் ரெண்டாம் கிழமையே கணக்குப் பாக்கத் தொடங்கிருவான். மகள் முதல் நாளே முடிச்சிருவா, அதுவும் பரவால்ல. நாலு கிழமைக்கு 4,000 போகும், 7,200 உங்கட கையில நிக்கும்.

கிராஃப்ட் எண்டு 10,000 கேக்கிறாங்களே, அதுல பாதி நம்மட வளவுலயே கிடக்கு. தென்னோலையில காத்தாடி, பாம்பு, பந்து, மணிக்கூடு எல்லாம் மாமிக்கு செய்யத் தெரிஞ்சிருக்கும், கேட்டுப் பாருங்க, அவவுக்கும் பொழுது போகும். விழுந்த குரும்பையில ஈர்க்கு குத்தினா தேர். பூவரசம் இலைய சுருட்டினா பீப்பி (மத்தியானம் நீங்க படுக்கிற நேரத்துல இத சொல்லிக் குடுத்திராதீங்க). சிரட்டை ரெண்டுல ஓட்டை போட்டு கயிறு கட்டினா ஏறி நடக்கலாம். பழைய பேப்பரும் ஈர்க்கும் இருந்தா பட்டம், ஒட்டுறதுக்கு கம் வாங்க வேணாம், கோதுமை மாவ தண்ணியில கரைச்சு அடுப்புல காச்சினா பசை.

கடையில விக்கிற கலர் களிமண் வாங்கவே வாங்காதீங்க. ரெண்டு கப் கோதுமை மா, ஒரு கப் உப்பு, ஒரு கப் தண்ணி கொஞ்சம் கொஞ்சமா விட்டு ரொட்டிக்கு குழைக்கிற மாதிரி குழைங்க. மஞ்சள் தூள் போட்டா மஞ்சள், பீட்ரூட் சாறு விட்டா ரோஸ். சின்னச் சின்னதா மெல்லிசா செய்யச் சொல்லுங்க, இந்தக் காத்துக்கு ரெண்டு மூணு நாளில கல்லாட்டம் காஞ்சிரும், மொத்தமா செஞ்சா வெடிக்கும், என்ட மகன் செஞ்ச யானைக்கு நாலு காலும் கழண்டு போச்சு, ஒரு நாள் முழுக்க அழுகை. மகள் வாயில வைக்காம பாத்துக்கங்க, உப்பு கூடுதல்.

காலையில வெயில் ஏற முதல் கடக்கரைக்கு கூட்டிப் போனா சிப்பி, சோகி பொறுக்கலாம், அத கழுவி காயவச்சா பல்லாங்குழிக்கும் ஆகும், மகனுக்கு கூட்டல் கழித்தலுக்கும் ஆகும். அலைக்கு கிட்ட தனிய விடாதீங்க, வளவுல கிணறு இருந்தா மூடி வைங்க. 11 மணிக்குப் பிறகு உள்ளுக்குள்ள கொக்கான், தாயம். தையல் கடையில வெட்டுத்துண்டு சும்மாவே தருவாங்க. மருதமுனைப் பக்கம் சொந்தக்காரர் இருந்தா தறியில கழிச்ச நூல் கொஞ்சம் கேளுங்க, காட்போட்டுல வெட்டு வெட்டி அதுல நூல் கட்டி மகன் பின்னலாம், நல்லா நேரம் போகும். ஐஸ் பைக்கட்டுக்கு பதிலா தேசிக்காய் கரைச்சு சின்னக் கப்புல ஃப்ரிட்ஜுல வைங்க. விளையாடி முடிஞ்சா சிரட்டை, டின் எல்லாம் கவிழ்த்து வைக்கச் சொல்லுங்க, தண்ணி நிண்டா நுளம்பு, டெங்கு வந்தா என்ட கணக்கெல்லாம் பாழ்.

கிளாஸே வேணாம் எண்டு நான் சொல்லல்ல. மகனுக்கு உண்மையா பெயின்டிங்ல ஆசை எண்டா லீவு முடிய அந்த 7,200ல இருந்து மாசக் கட்டணம் கட்டுற சின்ன கிளாஸ் ஒண்டுக்கு அவன மட்டும் விடுங்க. மகளுக்கு 5 வயசுல ஒண்டும் அவசரமில்ல.

லீவு தொடங்குற அண்டைக்கே ஒரு முழ இடத்துல முளைக்கீரை விதை தூவி விடுங்க, தண்ணி ஊத்துறது அவங்கட வேலை. கிட்டத்தட்ட ஒரு மாசத்துல புடுங்கலாம். கடையில என்ன விலையோ அதே விலைக்கு நீங்களே அவங்கட்ட வாங்குங்க, கைக்காசு குடுத்து. கடன் சொல்லாதீங்க.