பழைய கணினியில் பிரிண்ட் ஸ்பூலர் தானாக நின்றுபோகிறது. ஃபார்மட் செய்துதான் ஆக வேண்டுமா?

கேள்வியின் சுருக்கம் இது: வீட்டில் விண்டோஸ் 7 போட்ட பழைய கணினி. அதில் பிரிண்ட் ஸ்பூலர், அதாவது அச்சு வேலைகளை வாங்கி வரிசையில் வைத்துப் பிரிண்டருக்கு அனுப்புகிற விண்டோஸின் பின்னணி நிரல் (சர்வீஸ்), நிற்கமாட்டேன் என்கிறது. பிரிண்ட் கொடுத்தால் ஒன்றும் வருவதில்லை. பிரிண்டரைப் புதிதாகச் சேர்க்கப் போனால் 'லோக்கல் பிரிண்ட் ஸ்பூலர் சர்வீஸ் இஸ் நாட் ரன்னிங்' என்கிறது. சர்வீஸைக் கையால் ஸ்டார்ட் செய்தால் சில நொடிகள் ஓடிவிட்டு மறுபடி நின்றுவிடுகிறது. கடையில் கேட்டால் 'ஃபார்மட் அடிச்சிரலாம்' என்கிறார்கள்.

வேண்டாம். ஃபார்மட் செய்தால் ஸ்பூலர் ஓடும், அது உண்மைதான். ஆனால் அதே பிரிண்டரின் அதே டிரைவரை (பிரிண்டரோடு பேச விண்டோஸுக்கு உதவும் நிரலை) திரும்பப் போட்டதும் பழைய கதை தொடங்க நிறைய வாய்ப்பு இருக்கிறது. அது போக, விண்டோஸ் 7-க்கான மைக்ரோசாஃப்ட் ஆதரவு 2020 ஜனவரி 14-ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. குரோம் உலாவியும் 109-ஆம் பதிப்போடு அதைக் கைவிட்டுவிட்டது. இன்றைக்கு அதைப் புதிதாக நிறுவி, அப்டேட் எல்லாம் போட்டு, பாமினி மாதிரி பழைய எழுத்துருக்களையும் கணக்கு மென்பொருளையும் தேடிப்பிடித்துத் திரும்ப ஏற்றுவது ஒரு நாள் வேலையில் முடியாது. ஒரு சர்வீஸுக்காக அவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை.

என் அனுபவத்தில், ஸ்பூலர் தானாகக் கெட்டுப்போவது அபூர்வம். அது கையில் எடுக்கும் ஏதோ ஒன்றுதான் அதைச் சாய்க்கிறது. அந்த ஒன்று எது என்று கண்டுபிடிப்பதுதான் வேலையே.

நீங்கள் பிரிண்ட் கொடுத்ததும் அந்த வேலை நேராகப் பிரிண்டருக்குப் போவதில்லை. ஸ்பூலர் அதை முதலில் ஹார்ட் டிஸ்கில் எழுதி வைக்கிறது. ஒவ்வொரு வேலைக்கும் பொதுவாக இரண்டு ஃபைல்கள். எஸ்பிஎல் என்று முடிவதில் அச்சாக வேண்டிய சரக்கு இருக்கும். எஸ்எச்டி என்று முடிவதில் யார் கொடுத்தது, எந்தப் பிரிண்டர், எந்த அளவுத் தாள் போன்ற விவரங்கள் இருக்கும். இப்படி டிஸ்கில் வைப்பதால் நடுவில் கரண்ட் போனாலும் வேலை தொலைவதில்லை. ஸ்பூலர் திரும்ப எழுந்ததும் அந்த ஃபைல்களைப் படித்து வரிசையில் இருந்த வேலைகளைத் தொடர்கிறது. வசதிதான். ஆனால் அந்த ஃபைல் அரைகுறையாக எழுதப்பட்டிருந்தால், எழுந்ததும் அதையே படித்து அதிலேயே விழும். முன்னால் போகிற மாடு நடுரோட்டில் படுத்துக்கொண்டால் பின்னால் வருகிற வண்டியெல்லாம் நிற்கிற மாதிரி, அதற்குப் பிறகு கொடுத்த எந்த வேலையும் நகராது. கணினியை எத்தனை தடவை ரீஸ்டார்ட் செய்தாலும் பலன் இல்லாததற்குக் காரணம் இதுதான். ரீஸ்டார்ட் செய்தால் நினைவகம்தான் காலியாகும், டிஸ்கில் கிடக்கும் ஃபைல் அப்படியே இருக்கும்.

ஆகவே முதலில் அந்த வரிசையைக் காலி செய்யுங்கள். பிரிண்டரின் பவரை அணைத்து யுஎஸ்பி கேபிளையும் கழற்றிவிடுங்கள், ஏனென்றால் பிரிண்டரின் சொந்த நினைவகத்திலும் பாதி வேலை தங்கியிருக்கலாம். ஸ்டார்ட் மெனுவில் சிஎம்டி என்று தேடி, வருவதன்மேல் ரைட் கிளிக் செய்து 'ரன் ஆஸ் அட்மினிஸ்ட்ரேட்டர்' கொடுங்கள். அதில் 'நெட் ஸ்டாப் ஸ்பூலர்' என்று அடித்து என்டர் தட்டுங்கள். ஏற்கெனவே நின்றிருந்தால் அப்படியே சொல்லும், பரவாயில்லை. அப்புறம் சி டிரைவில் விண்டோஸ், அதற்குள் சிஸ்டம்32, அதற்குள் ஸ்பூல், அதற்குள் பிரிண்டர்ஸ் என்ற ஃபோல்டருக்குப் போங்கள். அனுமதி கேட்டால் 'கன்டினியூ' கொடுங்கள். உள்ளே இருக்கும் ஃபைல்களை அழித்துவிடுங்கள். ஃபைல்களை மட்டும்தான். அந்தப் பிரிண்டர்ஸ் ஃபோல்டரையே தூக்கிவிட்டால் பிறகு வேறு தலைவலி வரும். பக்கத்தில் டிரைவர்ஸ் என்று இன்னொரு ஃபோல்டர் இருக்கும், அதையும் தொடாதீர்கள். முடிந்ததும் 'நெட் ஸ்டார்ட் ஸ்பூலர்' கொடுத்து ஐந்து நிமிடம் விட்டுப் பாருங்கள். நிற்காமல் ஓடினால் கேபிளைச் செருகி ஒரு டெஸ்ட் பக்கம் எடுங்கள். நிறைய வீட்டுக் கணினிகளில் வேலை இதோடு முடிந்துவிடுகிறது.

பெரியப்பா வீட்டில் இதே தொல்லை திரும்பத் திரும்ப வந்துகொண்டிருந்தது. காலி செய்தால் ஓடும், கொஞ்ச நாளில் மறுபடி நிற்கும். பார்த்தால், அவர் நிலப் பத்திரத்தை ஸ்கேன் செய்த பிடிஎஃப்-ஐ மொத்தமாக அச்சுக்குக் கொடுக்கும்போதெல்லாம் இது நடக்கிறது. ஸ்கேன் செய்த பக்கங்கள் பிடிஎஃப்-க்குள் சுருக்கி வைக்கப்பட்டிருக்கும். அச்சுக்குப் போகும்போது விரிவதால் ஸ்பூல் ஃபைல் மூல ஃபைலைவிடப் பல மடங்கு பெரிதாகிவிடும். அவருடைய சி டிரைவில் இடமே இல்லை. பாதி எழுதும்போதே டிஸ்க் நிறைந்து அரைகுறை ஃபைல் உருவாகிறது. சி டிரைவில் இடம் ஏற்படுத்திக் கொடுத்து, ஸ்பூல் ஃபோல்டரை டி டிரைவுக்கு மாற்றியதும் நின்றது. 'டிவைசஸ் அண்ட் பிரிண்டர்ஸ்' திரையில் ஏதாவது ஒரு பிரிண்டரைத் தேர்ந்தெடுத்தால் மேலே 'பிரிண்ட் சர்வர் பிராப்பர்ட்டீஸ்' என்று வரும், அதில் 'அட்வான்ஸ்டு' பகுதியில் இந்த மாற்றத்தைச் செய்யலாம்.

ஃபோல்டர் காலியாக இருந்தும் ஸ்பூலர் விழுகிறது என்றால் அடுத்து டிரைவரைத்தான் சந்தேகப்பட வேண்டும். பிரிண்டர் டிரைவர் என்பது ஸ்பூலரின் உள்ளே ஏற்றப்பட்டு ஓடுகிற நிரல் துண்டு. அது தடுக்கி விழுந்தால் ஸ்பூலரையும் சேர்த்து இழுத்துக்கொண்டு விழும். இதைத் தவிர்க்கத்தான் டிரைவரைத் தனியே ஒதுக்கி ஓட்டும் வசதியை விண்டோஸ் 7-இல் கொண்டுவந்தார்கள். ஆனால் டிரைவர் எழுதியவர்களும் அதற்கு ஒத்துவர வேண்டும், பழைய டிரைவர்களில் பல அப்படி இல்லை.

எந்த டிரைவர் என்று ஊகிக்க வேண்டாம், விண்டோஸே எழுதி வைத்திருக்கும். ஸ்டார்ட் மெனுவில் 'ஈவென்ட் வியூவர்' என்று தேடித் திறந்து, 'விண்டோஸ் லாக்ஸ்' கீழே 'அப்ளிகேஷன்' பகுதிக்குப் போங்கள். ஸ்பூலர் நின்ற நேரத்தில் சிவப்புக் குறியோடு, ஈவென்ட் எண் 1000 என்று ஒரு பதிவு இருக்கும். அதில் 'ஃபால்ட்டிங் அப்ளிகேஷன்' என்ற இடத்தில் ஸ்பூலரின் பெயரும், 'ஃபால்ட்டிங் மாட்யூல்' என்ற இடத்தில் ஏதோ ஒரு டிஎல்எல் ஃபைலின் (நிரல் துண்டு அடங்கிய ஃபைல்) பெயரும் இருக்கும். அந்த இரண்டாவது பெயர்தான் நமக்கு வேண்டியது. அந்த ஃபைலைத் தேடி, ரைட் கிளிக் செய்து பிராப்பர்ட்டீஸில் 'டீட்டெய்ல்ஸ்' பார்த்தால் எந்த நிறுவனத்தின் சரக்கு என்று தெரிந்துவிடும். பல நேரம் அது இப்போது இருக்கும் பிரிண்டருடையதாகவே இருக்காது, எப்போதோ வாங்கி எப்போதோ எடைக்குப் போட்ட பிரிண்டருடையதாக இருக்கும். மாட்யூல் பெயர் என்டிடிஎல்எல் என்று இருந்தால் மட்டும் ஏமாந்துவிடாதீர்கள். அது விண்டோஸின் அடிப்படை ஃபைல், விபத்து நடந்த இடம் அவ்வளவுதான். குற்றவாளி வேறு யாரோ.

டிரைவரை நீக்குவதற்கு ஒரு வரிசை உண்டு. முதலில் கன்ட்ரோல் பேனலில் அந்தப் பிரிண்டரின் மென்பொருள் இருந்தால் அன்இன்ஸ்டால் செய்யுங்கள். பிறகு 'டிவைசஸ் அண்ட் பிரிண்டர்ஸ்' திரையில் பிரிண்டரை நீக்குங்கள். அதற்குப் பிறகு ஸ்பூலரை ஒரு தடவை நிறுத்தி ஓடவிட்டு, நான் மேலே சொன்ன 'பிரிண்ட் சர்வர் பிராப்பர்ட்டீஸ்' பகுதியில் 'டிரைவர்ஸ்' போய் 'ரிமூவ் டிரைவர் அண்ட் டிரைவர் பேக்கேஜ்' கொடுங்கள். இந்த வரிசையில் போகாவிட்டால் 'டிரைவர் பயன்பாட்டில் இருக்கிறது' என்று அடம்பிடிக்கும். இவ்வளவுக்கும் ஸ்பூலர் ஓடிக்கொண்டிருக்க வேண்டும் என்பதுதான் இதில் உள்ள கொடுமை. ஃபோல்டரைக் காலி செய்து, பிரிண்டரைக் கழற்றி வைத்துவிட்டு ஸ்டார்ட் செய்தால் பெரும்பாலும் இந்த வேலைக்குப் போதுமான நேரம் தாக்குப்பிடிக்கும்.

ஸ்டார்ட் கொடுத்த உடனேயே 1068 அல்லது 1075 என்ற எண்ணோடு பிழை வந்தால் கதையே வேறு. ஸ்பூலர் நம்பியிருக்கும் இன்னொரு சர்வீஸ் எழவில்லை என்று 1068-க்குப் பொருள், அப்படி ஒரு சர்வீஸே இல்லை என்று 1075-க்குப் பொருள். விண்டோஸும் ஆர் விசையும் சேர்த்து அழுத்தி 'சர்வீசஸ்.எம்எஸ்சி' கொடுத்து, பிரிண்ட் ஸ்பூலரை இரட்டைக் கிளிக் செய்து 'டிபென்டன்சீஸ்' பாருங்கள். 'ரிமோட் புரொசீஜர் கால்' கட்டாயம் இருக்கும். எச்டிடிபி என்றும் ஒன்று இருக்கலாம், அதுவும் விண்டோஸுடையதே. இவற்றைத் தவிர அறிமுகமில்லாத பெயர் ஏதாவது இருந்தால் அது பழைய பிரிண்டர் மென்பொருள் விட்டுப்போன எச்சம். மென்பொருளை நீக்கும்போது தன் சர்வீஸைத் தூக்கிக்கொண்டு போய்விடும், ஸ்பூலரின் பட்டியலில் போட்ட கையெழுத்தை மட்டும் அழிக்காது. இல்லாத ஆளுக்காக ஸ்பூலர் காத்திருக்கும். முன்னால் சிஎம்டி-யை அட்மினிஸ்ட்ரேட்டராகத் திறந்த மாதிரியே திறந்து, 'எஸ்சி கான்ஃபிக் ஸ்பூலர் டிபென்ட்= ஆர்பிசிஎஸ்எஸ்' என்று கொடுத்தால் அந்தப் பட்டியல் சரியாகிவிடும் (ஆர்பிசிஎஸ்எஸ் என்பது 'ரிமோட் புரொசீஜர் கால்' சர்வீஸின் உள்பெயர்). சமக்குறி முந்தைய சொல்லோடு ஒட்டியிருக்க வேண்டும், அதற்குப் பின்னால் ஓர் இடைவெளி வேண்டும். இடைவெளி விட்டுப்போனால் கட்டளை வேலை செய்யாது.

பிழை எண் 1058 என்றால் யாரோ சர்வீஸை 'டிசேபிள்டு' ஆக்கிவைத்திருக்கிறார்கள். 'சர்வீசஸ்.எம்எஸ்சி' திரையில் பிரிண்ட் ஸ்பூலரை இரட்டைக் கிளிக் செய்து, 'ஸ்டார்ட்அப் டைப்' என்பதை 'ஆட்டோமேட்டிக்' ஆக்கினால் போதும்.

இணையத்தில் கிடைக்கும் அறிவுரைகளைப் பற்றியும் கொஞ்சம். 'எஸ்எஃப்சி /ஸ்கேன்நவ்' ஓட்டச் சொல்வார்கள், ஓட்டலாம், விண்டோஸின் சொந்த ஃபைல் கெட்டிருந்தால் அது சரிசெய்யும். 'டிஸ்ம் ரெஸ்டோர்ஹெல்த்' ஓட்டச் சொன்னால் விட்டுவிடுங்கள், அந்த வசதி விண்டோஸ் 8-இல்தான் வந்தது. ஸ்பூலர் ஃபைலை ஏதோ ஒரு தளத்திலிருந்து பதிவிறக்கிப் போடச் சொன்னால் அந்தப் பக்கத்தை உடனே மூடிவிடுங்கள். அதே ஸ்பூலர் சர்வீஸ் திரையின் 'ரெக்கவரி' பகுதியில் மூன்று இடத்திலும் 'ரீஸ்டார்ட் தி சர்வீஸ்' வைக்கச் சொல்வதும் எனக்கு உடன்பாடில்லை. விழுகிற காரணத்தைத் தேடாமல் தூக்கித் தூக்கி நிறுத்துவதால் என்ன பயன்?

இன்னொரு விஷயம். ஸ்பூலர் கணினியில் உயர்ந்த அதிகாரத்தோடு ஓடுவதால் தாக்குகிறவர்களுக்கு ரொம்பப் பிடித்த இடம். 2010-இல் வெளியே தெரியவந்த ஸ்டக்ஸ்நெட் என்ற கணினிப் புழு பரவிய வழிகளில் இதுவும் ஒன்று. 2021 ஜூலையில் ஸ்பூலரில் பிரிண்ட்நைட்மேர் என்ற பாதுகாப்பு ஓட்டை வெளிவந்தபோது, ஆதரவு முடிந்துபோன விண்டோஸ் 7-க்கும் மைக்ரோசாஃப்ட் திருத்தம் வெளியிட்டது. ஆகவே பிரிண்ட் எடுக்கும் தேவையே இல்லாத பழைய கணினி என்றால் ஸ்பூலர் நின்றிருப்பதே நல்லது. பிடிஎஃப்-ஆகச் சேமிக்கும் சில மென்பொருள்கள் இதையே நம்பியிருக்கும் என்பதை மட்டும் நினைவில் வையுங்கள்.

இவ்வளவும் செய்து, ஒரு வாரம் ஸ்பூலர், அடுத்த வாரம் ஆடியோ சர்வீஸ், அதற்கடுத்து வேறொன்று என்று மாறி மாறி நின்றால் மட்டும் சர்வீஸ்களை விட்டுவிட்டு ஈவென்ட் வியூவரில் 'சிஸ்டம்' பகுதியைப் பாருங்கள். மூலம் 'டிஸ்க்', எண் 7 என்ற பதிவுகள் வரிசையாக இருந்தால் ஹார்ட் டிஸ்கில் தேய்ந்த இடங்கள் உருவாகிவிட்டன. அப்போது ஃபார்மட்டும் உதவாது. புகைப்படங்களையும் ஆவணங்களையும் முதலில் வெளியே நகலெடுத்துக்கொண்டு, டிஸ்கை மாற்றப் பாருங்கள்.