'அது கல்லுதானே அம்மா?' – டீச்சர் பதில்கள்

மாசி வந்தால் எனக்கு வரும் கடிதங்கள் மாறிவிடும். சிவராத்திரிக்கு ஊருக்குப் போய்க் குலதெய்வம் கும்பிட்டுத் திரும்புகிறவர்கள், அங்கே வாய்விட்டுக் கேட்க முடியாததை எல்லாம் எனக்கு எழுதுகிறார்கள். இந்த மாதம் அவற்றுக்கே இடம் கொடுத்துவிட்டேன். இலக்கணச் சந்தேகங்கள் அடுத்த மாதம்.

டீச்சர், உசிலம்பட்டிப் பக்கம் எங்கள் குலதெய்வக் கோவிலுக்குப் போயிருந்தோம். எட்டு வயது மகன் எல்லார் முன்னாலும், "அம்மா, அது கல்லுதானே, அதுக்கு எதுக்குத் துணி கட்டுறீங்க?" என்று கேட்டுவிட்டான். மாமியாருக்கு முகம் சுருங்கிப்போனது. அவனுக்கு நான் என்ன சொல்ல வேண்டும்?
– ஒரு வாசகி, பெங்களூரு

"ஆமாம்டா, கல்லுதான்" என்று சொல்லுங்கள் அம்மா. பிள்ளை கண்ணால் பார்த்ததை இல்லை என்று சொல்லி எந்தக் கதையையும் தொடங்க முடியாது. மதுரையில் கல்கூட இல்லாத சாமி இருக்கிறது என்று அடுத்து சொல்லுங்கள். அழகர்கோவிலில் பதினெட்டாம்படிக் கருப்பசாமிக்குச் சிலை கிடையாது. மூடிய பெரிய கதவுகள்தான் சாமி. அந்தக் கதவுக்குத்தான் சந்தனம் சாத்துகிறார்கள், மாலை போடுகிறார்கள். கடன் தகராறு, வரப்புத் தகராறு என்று எது முற்றினாலும் "படியில் வந்து சத்தியம் பண்ணு" என்பார்கள். எத்தனையோ பேர் அந்த வாசல் வரை வந்துவிட்டு, சத்தியம் செய்யாமல் சமாதானமாகப் போயிருக்கிறார்கள். கதவு மரம்தான் என்பது அவர்களுக்கும் தெரியும்.

கல்லுக்கு உயிர் இருக்கிறதா என்று உங்கள் மகன் கேட்கிறான். நம் ஊர்க்காரர்கள் கேட்பது வேறு: இது நமக்கு என்ன முறை வேண்டும்? சித்திரையில் அழகர் மலையிலிருந்து இறங்கி வருவதை மதுரையில் யாரிடம் வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள். தங்கச்சி மீனாட்சி கல்யாணத்துக்கு அண்ணன் சீரோடு வருகிறார், வருவதற்குள் கல்யாணம் முடிந்துவிட்டது, கோபித்துக்கொண்டு ஊருக்குள் வராமல் வைகையில் இறங்கி வண்டியூர் போகிறார் என்பார்கள். இது புராணத்தில் உள்ள கதை இல்லை, சனங்கள் கட்டிய கதை. இரண்டு திருவிழாக்களையும் ஒரே சமயத்தில் வரும்படி சேர்த்தவர் திருமலை நாயக்கர். ராசா நாளைத்தான் சேர்த்தார். அண்ணன் கோபத்தை அதற்குள் வைத்தது நம் சனம். எந்தக் கல்யாண வீட்டில் இப்படி ஒரு கோபம் நடக்காமல் இருந்திருக்கிறது?

அதனால் மகனுக்கு விளக்கம் சொல்வதைவிட ஒரு வேலை கொடுங்கள். அடுத்த முறை ஊரில் அய்யனாருக்கு மண்குதிரை எடுக்கும் புரவியெடுப்பு வரும்போது கூட்டிப் போங்கள். முதலில் பிடிமண் கொடுப்பார்கள். அந்த மண்ணை வாங்கிக்கொண்டுதான் மண்பாண்டம் செய்யும் வேளார் குதிரை செய்யத் தொடங்குவார். கண் திறக்கும்வரை அது சூளையில் வெந்த மண். கண் திறந்த பிறகு தோளில் சுமக்க ஆள் வரிசையில் நிற்பார்கள். அய்யனார் கோவிலில் கொண்டுபோய் விட்டதும் யாரும் அதைப் பூட்டிப் பாதுகாப்பதில்லை. வெயிலிலும் மழையிலும் உடைந்து மண்ணோடு சேரும். திரும்பப் புதுக் குதிரை. எட்டு வயதில் ஒரு தடவை இதன் கூடவே நடந்து பார்த்த பிள்ளைக்கு, கல்லுக்கு ஏன் துணி என்பது தானாகப் புரியும். புரியாவிட்டாலும் பரவாயில்லை. மாமியாரிடமே கேட்கச் சொல்லுங்கள். அவருக்கு முகம் சுருங்கியது கேள்வியால் இல்லை, பதில் சொல்லத் தன்னை யாரும் அழைக்கவில்லை என்பதால் என்று நினைக்கிறேன்.

ஊமச்சிகுளம் பக்கம் வீடு கட்டுகிறோம். மனை ஓரத்தில் பழைய வேம்பு. என் அம்மா அதற்கு மஞ்சள் துணி கட்டிக் கும்பிட்டு வந்தவர். வெட்டக் கூடாது என்கிறார். கணவர் என்ஜினியர். மூடநம்பிக்கை என்கிறார். நடுவில் நான்.
– ஒரு வாசகி, மதுரை

உங்கள் அம்மாவுக்குத் துணையாக ஒரு பழைய அம்மாவைக் கூப்பிடுகிறேன். நற்றிணை 172ஆம் பாட்டு. சிறுமிகள் விளையாடும்போது மணலில் அழுத்திய புன்னை விதை முளைத்துவிடுகிறது. நெய்யும் பாலும் ஊற்றி வளர்க்கிறார்கள். அவர்கள் வளர்ந்த பிறகு அம்மா சொல்கிறாள்: இது உங்களைவிடச் சிறந்தது, உங்களுக்குத் தங்கை முறை. பின்னொரு நாள் காதலன் அந்த மரத்தடிக்கு வருகிறான். தங்கச்சி பக்கத்தில் நிற்கும்போது உன்னோடு சிரித்துப் பேச வெட்கமாக இருக்கிறது என்று பதில் போகிறது அவனுக்கு. அந்தப் பாட்டில் சாமியும் இல்லை, பயமும் இல்லை. ஒன்றாய் வளர்ந்த பாசம் மட்டும்தான். உங்கள் அம்மா கட்டிய மஞ்சள் துணியும் அந்த வழிதான்.

உங்கள் வீட்டுக்காரர் என்ஜினியர் என்பது நல்லதாகப் போயிற்று. மரம் ஓரத்தில்தானே நிற்கிறது? போர்ட்டிகோவை நான்கடி தள்ளி வரைய அவருக்கு ஒரு சாயங்காலம் போதும். மேற்கு வெயிலை அந்த வேம்பு தாங்கிக்கொள்ளும்.

எப்படி வரைந்தாலும் முடியவில்லை, வெட்டித்தான் ஆக வேண்டும் என்றால் அதற்கும் முறை இருக்கிறது. மேலூர்ப் பக்கம் பெரியவர்கள் செய்வதைப் பார்த்திருக்கிறேன். முதல் நாள் பொழுது சாயும் நேரம் மரத்தடியில் சூடம் காட்டி, "நாளைக்கு வெட்டப்போறோம், இதுல இருக்கிறவுக வேற எடம் பாத்துக்கங்க" என்று சத்தமாகச் சொல்வார்கள். ஏன் வெட்டுகிறோம் என்ற காரணத்தையும் சொல்வார்கள். பொந்தில் கிளிக்குஞ்சு இருந்தால் அது பறந்து போகும்வரை கோடாலி போடமாட்டார்கள். காரணத்தைச் சத்தமாகச் சொல்ல வேண்டும் என்பதுதான் இதில் பெரிய விஷயம். "கார் நிறுத்த இடம் பத்தவில்லை" என்று அந்த வேம்பைப் பார்த்து உங்கள் கணவர் வாய்விட்டுச் சொல்லட்டும். சொல்ல முடிந்தால் வெட்டட்டும்.

மஞ்சள் கிருமிநாசினி, வேப்பிலை கிருமிநாசினி, கோபுரக் கலசம் இடிதாங்கி என்று வாட்ஸ்அப்பில் வருகிறதே, எல்லாச் சடங்குக்கும் அறிவியல் காரணம் உண்டா?
– ஒரு வாசகர், திருமங்கலம்

வேண்டாம் சார். அறிவியலுக்கு அதன் வேலை இருக்கிறது. சோதனைச் சாலையில் நிரூபித்தால்தான் பாட்டி செய்ததற்கு மதிப்பு என்று ஆக்கிவிட்டால், நாளைக்கே வேறொரு சோதனையில் அது தோற்கும்போது பாட்டியும் சேர்ந்து தோற்பார். அம்மை கண்ட வீட்டில் வேப்பிலை கட்டியது அம்மன் வந்திருக்கிறாள் என்று. அந்த வீட்டில் சத்தம் போடக் கூடாது, படுத்திருக்கிற பிள்ளையிடம் கடுமையாகப் பேசக் கூடாது. அந்த மரியாதையே போதும். மருந்துக்கு ஆஸ்பத்திரி போங்கள், தடுப்பூசி போடுங்கள். இரண்டையும் ஒன்றாகக் கலக்க வேண்டியதில்லை.

நான் மேலூரில் கல்லூரி மாணவன். அரிட்டாபட்டியைக் காப்பாற்றியது சாமியா, சட்டமா, சனமா? மலையைச் சாமி என்பது போராட்டத்துக்குப் பயன்படும் ஒரு உத்திதானா?
– ஒரு மாணவர்

நல்ல கேள்வி தம்பி. நீங்கள் கூட்டத்தில் நின்றிருப்பீர்கள் என்று நினைக்கிறேன். படிப்பவர்களுக்காக மட்டும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 2022 நவம்பரில் அரிட்டாபட்டியும் மீனாட்சிபுரமும் சேர்ந்த 193 ஹெக்டேருக்கு மேற்பட்ட பகுதி தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்டது. வல்லூறும் தேவாங்கும் எறும்புத்தின்னியும் வாழ்கிற மலைகள். தமிழி என்கிற பழந்தமிழ் எழுத்து, சமணப் படுக்கை, குடைவரைச் சிவன் கோவில் எல்லாம் அங்கேயே. இரண்டே வருடத்தில், 2024 நவம்பரில், டங்ஸ்டன் சுரங்கத்துக்கு அந்தப் பகுதியும் சேர்ந்த நிலம் ஏலம் போன செய்தி வந்தது. 2025 ஜனவரி 7 அன்று நரசிங்கம்பட்டியிலிருந்து மதுரைக்குச் சனம் திரண்டு நடந்தது. அந்த மாதமே 23ஆம் தேதி ஏலத்தை மத்திய அரசு ரத்து செய்தது.

சட்டத்தில் பெயர் இருந்தும் ஏலம் வந்தது என்பதைக் கவனியுங்கள். அப்புறம் அந்தச் சனம் எப்படி ஒன்று கூடியது என்பதையும் கவனியுங்கள். ஊருக்கு ஊர் சாமி கும்பிடும் வழக்கமும், கரை என்கிற பங்காளிப் பிரிவுப்படி மரியாதை செய்யும் வழக்கமும் உள்ள நாடு அது. மந்தையில் கூடிப் பேசுவதும், பேசி முடித்ததற்கு எல்லாரும் கட்டுப்படுவதும் அங்கே புதிது இல்லை. மேலூர்ப் பக்கம் பல ஊர்கள் சேர்ந்த வெள்ளலூர் நாட்டில் ஏழை காத்த அம்மன் திருவிழா உங்களுக்குத் தெரிந்திருக்கும். புரட்டாசியில் ஏழு சிறுமிகளை அம்மனாகத் தேர்ந்தெடுக்கிறார்கள். பதினைந்து நாள் அந்தப் பிள்ளைகள்தான் தெய்வம். அந்த நாட்களில் ஊர்களில் தாளிப்பது இல்லை, பச்சை மரத்தை வெட்டுவது இல்லை, மண்ணைத் தோண்டிக் கட்டட வேலை செய்வது இல்லை. வருடத்தில் பதினைந்து நாள் மண்ணைத் தொடாமல் இருந்து பழகிய சனத்திடம் போய், மலையைத் தோண்டப் போகிறோம் என்று காகிதம் நீட்டினால் என்ன நடக்கும்?

இடையபட்டி வெள்ளிமலைக் கோவில்காட்டுக்கும் ஒரு முறை போய் வாருங்கள், மதுரைக்குப் பக்கம்தான். செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே போவார்கள். மரத்தில் கை வைப்பதில்லை. அங்கே காவலுக்கு ஆள் இல்லை.

உத்தி என்ற சொல் எனக்கு உறுத்துகிறது. உத்தி என்றால் காரியம் முடிந்ததும் கீழே வைத்துவிடலாம். அழகர் வருகிற பாதையில் தண்ணீர்ப் பந்தல் வைக்கிறவர்கள், கோவில் மாட்டை வாடிவாசலில் முதலில் விட்டு யாரும் பிடிக்காமல் ஒதுங்கி நிற்கிறவர்கள், அந்த மாடு செத்தால் மாலை போட்டுக் கொட்டடித்து அடக்கம் செய்கிறவர்கள், யாரும் கேமராவுக்காகச் செய்யவில்லை. சாமியா சனமா என்று பிரித்துக் கேட்டால் எனக்குப் பதில் இல்லை தம்பி. அங்கே இரண்டும் சேர்ந்தே நடந்து வந்தன.

உங்கள் பதில்களை விரும்பிப் படிக்கிறவன் நான். ஆனால் எங்கள் ஊர் அய்யனார் கோவிலில் எங்கள் தெருக்காரர்கள் வெளியே நின்றுதான் கும்பிட வேண்டும். மரத்துக்கு மரியாதை, கல்லுக்கு மரியாதை என்கிறீர்கள். எங்களுக்கு?
– ஒரு வாசகர், மதுரை மாவட்டம்

உங்கள் கடிதத்தைத்தான் இந்த மாதம் அதிகம் யோசித்தேன் ஐயா. கல்லை உறவாக நினைக்கத் தெரிந்தவர்களுக்குப் பக்கத்துத் தெரு மனிதனை உறவாக நினைக்க முடியவில்லை என்றால், அந்தக் கும்பிடு பாதிக் கும்பிடுதான். மரபு என்று சொல்லி இதை நான் காப்பாற்றமாட்டேன். கோவில் வாசலில் உங்களை நிறுத்துவது சட்டப்படி குற்றம். அரசியல் சட்டத்தின் 17ஆம் பிரிவு தீண்டாமையை ஒழித்திருக்கிறது. மதுரை மீனாட்சி கோவிலுக்குள் 1939 ஜூலை 8 அன்று வைத்தியநாத ஐயர் தலைமையில் ஆலயப் பிரவேசம் நடந்தது. அந்தக் கோவிலில் முடிந்தது ஓர் ஊர் அய்யனார் கோவிலில் முடியாதா?

இன்னொன்றும் சொல்ல வேண்டும். கதைகளை அவர்களிடம் விட்டுவிடாதீர்கள். மதுரை வீரன் கதையை எடுத்துக்கொள்ளுங்கள். அருந்ததியர் வீட்டில் வளர்ந்தவன், பொம்மியை மணந்தவன், நாயக்கருக்காகத் திருடர்களை அடக்கியவன். அந்த ஆட்சியே அவனை மாறுகால் மாறுகை வாங்கியது. இன்றைக்கும் மீனாட்சி கோவில் கிழக்குக் கோபுரத்தின் பக்கம் அவன் சாமியாக நிற்கிறான். அநியாயமாகக் கொல்லப்பட்டவர்கள் போய்விடுவதில்லை, கணக்குக் கேட்டுக்கொண்டு அங்கேயே இருக்கிறார்கள் என்பதை நம் நாட்டுப்புறம் நூற்றுக்கணக்கான நடுகல்லாகவும் பட்டவன் கோவிலாகவும் வைத்திருக்கிறது. மதுரைக்குப் பக்கத்து யானைமலை கதையும் அப்படி. சமணர் ஏவிய யானையைச் சொக்கநாதர் அம்பெய்து கல்லாக்கினார் என்கிறது திருவிளையாடல். அது ஜெயித்தவர்கள் சொன்ன கதை. தோற்றதாகச் சொல்லப்படும் சமணர்களின் கல்படுக்கையும் தீர்த்தங்கரர் சிற்பங்களும் அதே மலையில்தான் இருக்கின்றன. பிள்ளைகளை அங்கே கூட்டிப் போகிறவர்கள் இரண்டையும் காட்ட வேண்டும். உங்கள் தெருவுக்கும் சாமி இருக்கும், அதற்கும் கதை இருக்கும். அதை எழுதி அனுப்புங்கள். வெட்டாமல் போடச் சொல்கிறேன்.

ஆயுதபூஜைக்கு லேப்டாப்புக்கும் செல்போனுக்கும் பொட்டு வைக்கிறோம். சரியா?
– ஒரு ஐ.டி. ஊழியர், கே.கே. நகர்

சரிதான். லேத்துப் பட்டறையில் எண்ணெய் துடைத்து வைக்கிற பொட்டும் அதுவும் ஒன்றே. ஆனால் பட்டறைக்காரர் அன்று மெஷினைப் பிரித்துச் சுத்தம் செய்கிறார், தேய்ந்ததை மாற்றுகிறார். நீங்களும் பொட்டு வைத்த கையோடு பேட்டரியை மாற்றி இன்னும் இரண்டு வருடம் ஓட்ட முடியுமா என்று பாருங்கள்.

என் அப்பத்தாவுக்கு வயது ஆகிவிட்டது. அவரிடம் இருக்கும் கதைகளைப் பதிவு செய்ய ஆசை. "கதை சொல்லுங்க" என்றால் "எனக்கு என்ன கதை தெரியும்" என்கிறார். எப்படிக் கேட்பது?
– ஒரு வாசகர், வாடிப்பட்டி

கதை என்ற சொல்லையே எடுக்காதீர்கள். வயல் பெயரைக் கேளுங்கள். ஒவ்வொரு வயலும் ஏதாவது ஒரு பெயரோடு இருக்கும், அந்தப் பெயருக்குப் பின்னால் ஒரு ஆள் இருப்பார். கண்மாய்க் கரையில் உள்ள கல் யாருடையது, எந்த மரத்தடியில் உச்சிப் பொழுதில் போகக் கூடாது என்பார்கள், நீங்கள் வாக்கப்பட்டு வந்தபோது எந்தச் சாமிக்கு முதலில் பொங்கல் வைக்கச் சொன்னார்கள் என்று கேளுங்கள். பிறந்த வீட்டுச் சாமி, புகுந்த வீட்டுச் சாமி என்று இரண்டு கதை பெண்களிடம்தான் இருக்கும். முடிந்தால் கையில் வேலை இருக்கும் நேரம் கேளுங்கள், புளி கொட்டை எடுக்கும்போதோ மொச்சை உரிக்கும்போதோ. நீங்களும் உட்கார்ந்து உரியுங்கள்.

போனைப் பக்கத்தில் வைக்கும் முன் அப்பத்தாவிடம் அனுமதி கேளுங்கள். சில கதைகளை அந்தச் சாமியின் எல்லைக்கு வெளியே சொல்லக் கூடாது என்பார். அந்தக் கதைக்கு மட்டும் போனை அணைத்துவிட்டு, அவரைக் கோவிலுக்குக் கூட்டிப் போய் அங்கே உட்கார்ந்து கேளுங்கள்.