கற்பனை உலகத்துக்கு விதிகள் எல்லாம் எழுதியாச்சு, அதிசயத்தைக் காணோம். என்ன செய்யலாம்?

வரைபடம், ராஜ வம்சம், மந்திர விதிகள் என்று நோட்டு முழுக்க எழுதிவிட்டேன், கதையில்தான் உயிர் இல்லை என்கிறீர்கள். நோட்டு இருக்கட்டும். அதில் உள்ளதையெல்லாம் யாராவது ஒரு கிழவர் வாயால் விளக்க வைக்கிறீர்களா என்று பாருங்கள், பெரும்பாலும் கோளாறு அங்கேதான்.

எங்கள் வேலூரைப் பற்றி ஒரு பழைய பேச்சு உண்டு: நீரில்லாத ஆறு, மரமில்லாத மலை, ராஜா இல்லாத கோட்டை, சாமி இல்லாத கோயில். வெளியூர்க்காரர் கேட்டால் ஏதோ சாபம் பட்ட ஊர் என்றே நினைப்பார். பாலாறு ஏன் வறண்டது என்று விளக்க ஆரம்பித்தால் அது பாடம் ஆகிவிடும். கோட்டைக்குள் இருக்கும் ஜலகண்டேஸ்வரர் கோயிலில் 1981லேயே லிங்கத்தைத் திரும்ப வைத்துப் பூஜையும் நடக்கிறது, ஆனாலும் அந்தப் பேச்சு நிற்கவில்லை.

அதைவிட எனக்குப் பிடித்தது ஜவ்வாது மலையில் இருக்கும் கல்திட்டைகள். பலகைக் கற்களைப் பெட்டி மாதிரி நிறுத்தி, மேலே ஒரு பெரிய கல்லால் மூடியிருப்பார்கள். சிலவற்றில் ஒரு பலகையில் மட்டும் வட்டமாக ஒரு துளை இருக்கும். மலை மக்கள் இவற்றை வாலியர் வீடு என்பார்கள், குள்ள மனிதர்கள் குடியிருந்த வீடாம். பெருங்கற்காலத்து ஈமச்சின்னம், அதாவது இறந்தவர்களுக்காக எழுப்பியது என்பது தொல்லியல்காரர்கள் சொல்வது. கதையில் இது வந்தால், இரண்டையும் இரண்டு பேர் நம்பட்டும், சண்டை கூடப் போடட்டும், நான் தீர்ப்பு சொல்லமாட்டேன். ஆனால் கல் எவ்வளவு தடிமன், துளைக்குள் கை நுழையுமா தலை நுழையுமா, ஆடு மேய்க்கிறவர் மழைக்கு அதில் ஒதுங்குவாரா மாட்டாரா, இதெல்லாம் துல்லியமாக இருக்க வேண்டும். மர்மம் வேண்டும் என்று எல்லாவற்றையும் புகை மூட்டமாக எழுதுகிறார்கள் பாருங்கள், அதில்தான் வாசகர் கழன்றுகொள்கிறார்.

ஒரு இடத்தில் மட்டும் மறைக்கக் கூடாது. நாயகி மந்திரத்தால்தான் கடைசியில் தப்பிக்கிறாள் என்றால் அது எதைச் செய்யும், எதைச் செய்யாது என்பது வாசகருக்கு முன்பே தெரிந்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் ஏமாற்றிவிட்டதாகத்தான் தோன்றும். மந்திரத்தால் சிக்கல் வருகிறது என்றால் அது எங்கிருந்து வந்தது என்று சொல்லாமலே விடலாம். அந்தக் கணக்கில் உங்கள் நோட்டைப் பிரித்துப் பாருங்கள், முடிவுக்குத் தேவையான விதிகள் ஒரு பக்கத்துக்கு மேல் போகாது என்று நினைக்கிறேன்.